கொட்டகையிலிருந்து கட்டில் வரை

பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், மகள் வயதுள்ள ஒருத்தியைக் குருவாக ஏற்றுக்கொண்டதை ஊரே கேலி பேசியது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. குருவின் பெயர் சலோமி. தேங்காய்ச் சிரட்டை, உடைந்த தொலைபேசி, பிஸ்கட் டப்பா, கையில் எது கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு சத்தத்தை வரவழைத்துவிடுவாள். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் வரும். மீதியைச் செய்து காட்டுவாள்.

அவளிடம் கற்று, வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சிரட்டையில் ஒற்றைக்கம்பி வயலின் செய்தார். டப்பாவில் ரேடியோ செய்தார். மனைவி சங்கரவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே படுத்துவிட்டாள். தொண்டையில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

குரல் போய், வெறும் மூச்சுக்காற்றால் பேச ஆரம்பித்தாள் வடிவு. ஆவுடையப்பன் பழைய தொலைபேசியிலிருந்து ஒரு மைக் செய்து கட்டிலின் தலைமாட்டில் கட்டினார். அங்கிருந்து முற்றத்தைக் கடந்து கொட்டகை வரை வயர் இழுத்தார். கொட்டகையில் ஸ்பீக்கர் பொருத்திய ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அவள் கூப்பிட்டால் இங்கே கேட்கும் என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பெண்டாட்டிக்காக எவன் இவ்வளவு மெனக்கெடுவான் என்று மெச்சினார்கள். மெச்சட்டும். அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். வடிவின் தங்கை பிரமுதான் பக்கத்தில் இருந்து கஞ்சி புகட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். இவர் கொட்டகையில் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பெட்டியிலோ ஒரே இரைச்சல். வடிவு பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்பது தெரியவில்லை. சலோமிக்கு ஆள் அனுப்பினார்.

"இந்த இரைச்சல் எப்படி டீச்சர் போகும்?"

சலோமி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். வயர் போகும் வழியைப் பார்த்தாள்.

"வயர் நீளம், அண்ணாச்சி. போற வழியில உள்ளதையெல்லாம் வாரிக்கிட்டு வருது."

நல்ல வயராக வாங்கிவிடலாமா என்று கேட்டார். வாங்கலாம், முதலில் இருப்பதைக் குறைத்துப் பார்ப்போம் என்றாள். பெட்டி பைக் பேட்டரியில் ஓடுவது என்பதால் எங்கேயும் தூக்கிப்போக முடிந்தது. அவள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டாள், அவர் பெட்டியை. முற்றத்துத் துவைகல்லுக்கு வந்ததும் மிச்ச வயரை வெட்டி, முனையைப் பெட்டியில் மறுபடி முறுக்கினாள். இரைச்சல் கொஞ்சம் அடங்கியது.

"இது போதுமே" என்றார்.

"இன்னும் இருக்கே" என்று சொல்லி அவள் நடந்தாள்.

அடுக்களையில் இன்னொரு வெட்டு. அங்கேயே அலமாரி மேல் வைத்துவிடலாம், தனக்கு இதுவே தாராளம் என்று ஆவுடையப்பன் மன்றாடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். சலோமி காதில் வாங்கவில்லை. அவர் கால்கள் பின்னுக்கு இழுத்தன. ஆனாலும் பெட்டி அவர் கையில் இருந்தது, வயர் அவள் கையில் இருந்தது.

அறை வாசலில் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கடைசியாக ஒரு வெட்டு. முனையை முறுக்கியதும் இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து வடிவு பேசினாள்.

"பிரமு, அத்தான் வெளியூரு போயிருக்காவளா?"

"இங்கனதான் இருக்காவ, அக்கா. நீ பேசுறதைக் கேக்கத்தானே இந்த மைக்கைக் கட்டியிருக்காவ."

பெட்டியில் மறுபடி வடிவின் குரல்.

"கேக்காவன்னுதான் நானும் பேசிக்கிட்டே கிடந்தேன். ஒண்ணுக்கும் பதில் சொல்ல மாட்டேங்காவளே."

ஆவுடையப்பன் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு தோளால் கதவைத் தள்ளினார். மைக்கும் ஸ்பீக்கரும் நெருங்கியதும் பெட்டி வீல் என்று ஊளையிட்டது. பதறிப்போய் வாசலுக்கு வெளியே வந்துவிட்டார். வந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அதை அவரே உணர்ந்தார், வெட்கப்பட்டார்.

"பாத்தீங்களா டீச்சர். உள்ள கொண்டு போனா கத்துது. இதுக்கு மேல என்ன செய்யிறது?"

சலோமி பேட்டரியை வாசலில் இறக்கி வைத்தாள்.

"பெட்டியை அணைச்சுட்டு நீங்க உள்ள போங்க, அண்ணாச்சி."