மூன்றாவது மகஜர்

துப்பறியும் ஏகாம்பரத்தின் மகள் போலீஸில் சேர்ந்ததும் ஊரே சிரித்தது. அப்பன் ஆயுசெல்லாம் போலீஸுக்குத் தண்ணி காட்டினார், மகள் போய் சல்யூட் அடிக்கிறாளாம் என்று. வதனிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. இறந்துபோன அப்பாவைப் போல ஆகவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

எஸ்.ஐ.யாகச் சேர்ந்த பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் ரெஜினாவிடம் கேட்டேவிட்டாள்.

“எங்கப்பா மாதிரி ஆக எத்தனை வருஷம் ஆகும் மேடம்?”

ரெஜினாவாவது, நேராகப் பதில் சொல்வதாவது! ஜீப்பில் ஏறச் சொன்னார். முந்தின ராத்திரி நகை திருட்டுப்போன ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே பார்ப்பதை மகஜராக எழுதி வரச் சொன்னார். வீட்டுக்காரர் கைகாட்டிய வேலைக்காரி பொன்னுத்தாய் காலையிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். இருட்டுமுன் அவளை ரிமாண்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி வேறு.

வதனி விறுவிறுவென்று எழுதினாள். ஜன்னல் கம்பியை அறுத்துப் பொன்னுத்தாய் உள்ளே நுழைந்திருக்கிறாள்.

“நுழைஞ்சதை நீ பார்த்தியா?” ரெஜினா தாளைக் கிழித்துவிட்டார்.

இரண்டாவதில், திருடியவர் கம்பியை அறுத்து நுழைந்திருக்கிறார் என்று மாற்றினாள். அதுவும் கிழிந்தது. வதனிக்கு அழுகை முட்டியது. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் தடவை ஜன்னலடியில் மண்டியிட்டாள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினாள். இரும்புத்தூள் உள்பக்கம் கிடக்கிறது. வெளிப்பக்கம் ஒரு பொட்டுத் தூள்கூட இல்லை. கம்பிக்கு வெளியே ஜன்னலை அடைத்தபடி பழைய சிலந்தி வலை, ஒரு இழையும் அறவில்லை.

எழுதிய கை அப்படியே நின்றது. இந்த வழியாக யாருமே வரவில்லை! பொன்னுத்தாயோ சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுகிறவள். அறுத்தவர் ராத்திரி வீட்டுக்குள் இருந்தவர்தான்.

வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு மகஜரை உரக்கப் படித்தாள். சிலந்தி வலை வந்ததும் அந்த வீட்டோடு இருந்த மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. அவருடைய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் நகை இருந்தது.

ஜீப் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வதனிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“எங்கப்பா இதை ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருப்பார், இல்லையா மேடம்?”

“கண்டுபிடிச்சிருப்பார்,” என்றார் ரெஜினா. “ஆனா, உள்ளே பெஞ்சில உட்கார்ந்திருக்கிற அந்தம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. உனக்கு இருக்கு. போய்ச் சொல்லு.”