கொற்றன் காத்த வயிறு

கோட்டைக் காவலில் தலை நரைத்துப்போன கொற்றன், அதன் பிறகு மருத்துவம் கற்க வந்தான். குருவான நங்கையார் அவனைவிட வயதில் சிறியவர். அதற்கெல்லாம் அவன் கூச்சப்படவில்லை. ஒரே மகள் பூவைக்கு வயிற்றுப்போக்கோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஊர் வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குருவின் வாசலுக்கு வந்துவிட்டான். பெற்றவனுக்கு அப்புறம் என்ன மானம், என்ன மரியாதை?

வந்த இடத்தில் ஒரு சேதி காதில் விழுந்தது. மனிதர் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றனவாம். அவ்வளவுதான், மீசை துடித்தது. யாரையும் கேட்காமல் கடுமையான பேதி மருந்தை அரைத்து மகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தான். அவளோ எலும்பும் தோலுமானாள்.

ஒருநாள் நங்கையார் பார்த்துவிட்டார்.

“என்ன அரைக்கிறீர், கொற்றரே?”

“கிருமிகளுக்கு எமனை அரைக்கிறேன், அம்மா. ஒன்றையும் விடப்போவதில்லை.”

“அத்தனையும் பகைதானா?”

“அழையாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவன் வேறு யாராம்?”

நங்கையார் திட்டவில்லை. குழவியை வாங்கி அப்பால் வைத்தார்.

“இது நாளை வரை இருக்கட்டும். நாளைக்கு அமாவாசை அன்னதானம். காவல் உம்முடையது. மருந்தறையில் விஷச் சரக்கெல்லாம் இருக்கிறது. கள்வன் எவனும் அங்கே கை வைத்துவிடக் கூடாது.”

காவலா! கொற்றனுக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. தடியோடு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வெளிவாசலை மறித்து நின்றான்.

விறகுக்காரன் இடுப்பில் அரிவாள் இருந்தது. போ வெளியே! தண்ணீர் சுமந்து வந்த பெண்களின் குடத்துக்குள் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? போங்கள் வெளியே! காய் நறுக்க வந்தவர்கள் கையில் அரிவாள்மணை. கேட்கவே வேண்டாம். வாய்ச்சண்டை கைச்சண்டையானது. வீசிய தடியில் முற்றத்து மண்சுவர் சரிந்தது, கஞ்சிப் பானை உடைந்தது. உச்சிவேளையாகியும் அடுப்பில் புகை இல்லை. வந்த சனம் பசியோடு திரும்பிப் போனது.

நங்கையார் வந்து நின்றார்.

“எத்தனை கள்வரைப் பிடித்தீர்?”

“ஒருவனும் அகப்படவில்லை, அம்மா.”

“உலை கொதித்ததா?”

“விறகு வரவில்லை... தண்ணீரும் வரவில்லை.”

“சுவரை இடித்தது யார்?”

கொற்றன் தலை கவிழ்ந்தது. “என் ஆட்கள்தான்.”

“உம் மகள் குடலிலும் இதே கூத்துதான் நடக்கிறது. உடம்புக்கென்று ஒரு காவல் உண்டு. நம்மால் செரிக்க முடியாததைக் கிருமிகள் செரித்துத் தருகின்றன என்று அது அவற்றை இருக்கவிடும். இவளுடைய காவலுக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த ரத்தம் கிருமி வடித்ததல்ல, கொற்றரே.”

அவன் ஓடிப்போய்ப் பேதி மருந்தைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினான். “மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தப் பார்த்தேனே, பாவி!” என்று வாய்விட்டு அழுதான்.

நங்கையார் குடலின் கொதிப்பைத் தணிக்கும் மருந்தைத் தொடங்கினார். பிறகு மோர், அதன்பின் பழைய சோற்று நீர். கொற்றன் தன் கையாலேயே புகட்டினான். ரத்தம் குறைந்தது, நின்றது. ஆனால் பூவை சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் அவன் நெஞ்சை அரித்தது.

அடுத்த அமாவாசைக்கும் காவலைக் கேட்டு வாங்கினான்.

“தடி?” என்றார் நங்கையார்.

“வேண்டாம், அம்மா.”

இந்தத் தடவை வெளிவாசல் திறந்தே கிடந்தது. கொற்றன் உள்ளே, மருந்தறைப் படியில் நிழலோரமாக உட்கார்ந்தான். அரிவாள் வந்தது, குடம் வந்தது, ஊரே வந்தது. ஊரறிந்த திருடன் துடியனும் வந்தான். கொற்றன் எழுந்து போய் அவனுக்கும் இலை போட்டு, பக்கத்தில் ஒரு தாட்டியான சமையல்காரனை உட்காரவைத்துவிட்டுப் படிக்குத் திரும்பினான். துடியன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவப் போகிறவன்போல் எழுந்தவன், நைசாக மருந்தறைப் பக்கம் வந்து படியில் கால் வைத்தான்.

பிடரியில் கொற்றனின் பிடி! சத்தமில்லை. பக்கவாசல் வழியாக ஆள் வெளியே போய்விட்டான். பந்தியில் ஒருவரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்போது பந்தியின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பா, பசிக்குது. எனக்கும் சோறு போடுங்க!”

பூவைதான். சுவரில் சாய்ந்து, தானே இலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கொற்றன் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். “என் மகளுக்குப் பசிக்குதாம், கேட்டீங்களா? பசிக்குதாம்!” என்று ஊருக்கே கேட்கக் கூவினான். சிரித்தான், அழுதான், இலை கொள்ளாமல் சோற்றைக் கொட்டினான். பந்தி முழுக்க ஆரவாரம்.

எல்லாம் ஓய்ந்த பிறகு குருவிடம் வந்தான்.

“ஒரு சந்தேகம், அம்மா. துடியனுக்கு நானே இலை போட்டேன். அதே துடியனை நானே பிடித்து வெளியே தள்ளினேன். அப்படியானால் அவன் வேண்டியவனா, பகைவனா?”

“எங்கே இலை போட்டீர்?”

“முற்றத்தில்.”

“எங்கே பிடித்தீர்?”

“படியில்.”

நங்கையார் எழுந்தார்.

“அடுத்த அமாவாசைக்கும் அவனுக்கு ஓர் இலை போடும். நீரும் அதே படியில் உட்காரும்.”