மைனாக் கூண்டும் இரண்டு தட்டுகளும்

முன்னொரு காலத்தில், மலைகளெல்லாம் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தபோது, காரைக்காடு என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே தொழில். காட்டுக்குப் போவார்கள், சுள்ளி பொறுக்குவார்கள், சந்தையில் விற்பார்கள். சுள்ளியை வாரி அள்ளிக்கொண்டு வருகிற பழக்கம் மட்டும் அங்கே கிடையாது. பத்துச் சுள்ளி சேர்ந்ததும் நாரால் ஒரு கட்டுப் போட்டு இடது தோளில் ஏற்றிவிடுவார்கள். பத்துச் சேராத சுள்ளி வலது கையில் இருக்கும்.

"இடது தோளில் கட்டு, வலது கையில் உதிரி!"

இதைப் பாடிக்கொண்டேதான் நடப்பார்கள். எதிரே வருகிறவர் தோளைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், எத்தனை சுள்ளி என்று சொல்லிவிடுவார். தோளில் இரண்டு கட்டு, கையில் ஐந்து என்றால் இருபத்தைந்து. கையில் இரண்டு, தோளில் ஐந்து கட்டு என்றால் ஐம்பத்திரண்டு. இதற்கு யாரும் விரலை மடக்கிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

அந்த மலைமேல் சடாமுண்டன் என்ற மந்திரவாதி இருந்தான். அவன் தினமும் தவம் செய்வதாகச் சொல்லிக்கொண்டான். குறட்டைச் சத்தம் கேட்டவர்களுக்கு அது என்ன தவம் என்று தெரியும். ஊரே பாடிக்கொண்டு போனால் மனுஷன் எப்படித் தூங்குவது? ஒரு நாள் கோபம் தலைக்கேறி, காட்டுக்கு வந்த காரைக்காட்டார் எல்லாரையும் மைனாக்களாக மாற்றி ஒரு பெரிய கூண்டில் அடைத்துவிட்டான்.

அவனுடைய மந்திரத்தில் ஒரு தினுசு உண்டு. யாரைக் கட்டுகிறானோ, அவர்களுடைய பழக்கத்தையே கயிறாகத் திரித்துத்தான் கட்டுவான். பழக்கம் தெரிந்தவர்கள் எல்லாரும் கூண்டுக்குள்ளே போய்விட்டால் முடிச்சை அவிழ்க்க வெளியே யார் இருப்பார்கள்? அயோக்கியன்தான், ஆனால் கெட்டிக்காரன்.

ஒரே ஒருத்தி மட்டும் தப்பிவிட்டாள். அவள் பெயர் தும்பை. சந்தைக்குப் போனவள், தலைநகரில் இருக்கிற மாமா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பி வந்தாள். ஊரில் ஒரு அடுப்பும் புகையவில்லை. வீட்டில் அம்மாவைக் காணோம். பக்கத்து வீட்டிலும் யாரையும் காணோம். தும்பை வந்த வழியே மாமாவிடம் ஓடினாள்.

மாமா ஏகாம்பரத்துக்கு அரண்மனையில் வேலை. சபை கூடும்போது யாருக்கு எந்த ஆசனம் என்று பார்த்துப் போடுவது அவர் பொறுப்பு. அவர் போய் அரசரிடம் சொல்ல, அரசகுமாரன் விசயகேது வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஊரார் சுள்ளி பொறுக்கப் போன காட்டுப் பாதையைப் பிடித்து மூன்று பேரும் மலை ஏறினார்கள்.

கூண்டு வாசலில் ஒரு பூதம் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செப்புத் தட்டுகள். நடுவே ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கூழாங்கற்கள். உள்ளே மைனாக்கள் ஒரு நிலையில் நில்லாமல் பறந்துகொண்டிருந்தன.

"வாள் வேண்டாம், தம்பி. இந்தக் கூண்டு இரும்புக்கு அசையாது" என்றது பூதம். "உள்ளே எத்தனை பறவை இருக்கோ, அத்தனையைத் தட்டுல வச்சுக் காட்டணும். சரியா காட்டினா கதவு திறக்கும். தப்பா காட்டினா நீயும் ஒரு பறவை. ஒரு தட்டு ஒன்பது கல்தான் தாங்கும். அப்புறம், கல்லோட மதிப்பு கல்லுல இல்லை, அது உட்கார்ற இடத்துல இருக்கு. இவ்வளவுதான் எனக்குச் சொல்லச் சொன்னது."

"இவ்வளவுதானா?" என்றான் அரசகுமாரன். கொட்டாங்குச்சியை எடுத்தான், வலது தட்டில் அப்படியே கவிழ்த்தான். பத்தாவது கல் விழுந்ததும் தட்டு குப்புறக் கவிழ்ந்தது. அரசகுமாரன் நின்ற இடத்தில், தலையில் கொண்டை தூக்கிய ஒரு மைனா நின்றது. கம்பிக்கு நடுவே புகுந்து உள்ளே போய்விட்டது; அந்தக் கம்பிகளில் உள்ளே போகத்தான் வழி, வெளியே வர வழி இல்லை. பூதம் சலித்துக்கொண்டே கற்களைப் பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டது.

 தும்பை கூண்டருகே போய் நின்று பாடினாள்.

"இடது தோளில் கட்டு, வலது கையில் உதிரி!"

பறந்துகொண்டிருந்த மைனாக்கள் சட்டென்று அடங்கின. கூண்டுக்குள் இருந்த குறுக்குக் கம்புகளில் வரிசையாக உட்கார்ந்தன. முதல் கம்பில் பத்து. இரண்டாவது கம்பில் பத்து. மூன்றாவது கம்பில் பத்து. நான்காவது கம்பில் எட்டுத்தான் இருந்தன. எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த கொண்டை மைனா, கடைசியில் அந்த எட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. முதல் கம்பில் ஒரு மைனா தலையைச் சாய்த்துத் தும்பையையே பார்த்தது. அது அம்மாதான். 

"மாமா, மூணு கட்டு, ஒன்பது உதிரி. முப்பத்தொன்பது" என்றாள்.

"மூணும் ஒன்பதும். அவ்வளவுதானே? தள்ளிக்கோ தும்பை, இது என் வேலை" என்றார் மாமா. சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவர் அவர். சுள்ளிக் கட்டெல்லாம் மறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அரண்மனையில் பெரியவருக்கு முதல் ஆசனம், சின்னவருக்கு அடுத்த ஆசனம். மூன்றையும் ஒன்பதையும் வைத்துப் பார்த்தால் யார் பெரியவர்? ஒன்பதை மரியாதையாக எடுத்து இடது தட்டில் வைத்தார். மூன்றை வலது தட்டில் வைத்தார்.

"மாமா, இருங்க! மாத்தி வச்சிட்டீங்க!"

"தொண்ணூற்று மூணு!" என்று பூதம் வயிறு குலுங்கச் சிரித்தது. "அவ்வளவு பேருக்கு உள்ளே இடமே இல்லையே!"

மாமா மைனாவானார். உள்ளே பறந்துபோய் நான்காவது கம்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த நிலையிலும் வரிசை கோணாமல்தான் உட்கார்ந்தார்.

இனி வெளியே இருப்பது தும்பை ஒருத்திதான். அவளும் தப்பு செய்தால் அந்தப் பாட்டுத் தெரிந்தவர் உலகத்தில் வெளியே யாரும் இல்லை. அம்மா சாகிறவரைக்கும் மைனாதான். தும்பைக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தட்டுகளின் முன்னால் உட்கார்ந்தாள். மாமா வைத்த கற்களையெல்லாம் எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டாள்.

இடது தட்டில் மூன்று கல் வைத்தாள். வலது தட்டில் ஒன்பது கல் வைத்தாள். மாமாவும் உள்ளே போய்விட்டாரே, அவருக்கு ஒன்று. இன்னொரு கல்லை எடுத்து வலது தட்டின் மேலே கொண்டுபோனாள். கல் இன்னும் விழவில்லை, அதற்குள் தட்டு கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது.

"வை, வை. ஏன் நிறுத்திட்டே?" என்றது பூதம்.

தும்பை வைக்கவில்லை. கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். நான்காவது கம்பில் எட்டு ஊர்க்காரர்கள், ஒரு அரசகுமாரன், ஒரு மாமா. கம்பு நிறைந்துவிட்டது. காரைக்காட்டில் கையில் பத்துச் சுள்ளியை வைத்துக்கொண்டு யாராவது நடந்தால் ஊரே சிரிக்கும். பத்துச் சேர்ந்த பிறகு எதற்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டாடுவது?

வலது தட்டிலிருந்த ஒன்பது கல்லையும் வழித்து எடுத்தாள். கையிலிருந்த பத்தாவது கல்லோடு சேர்த்துக் கொட்டாங்குச்சியில் போட்டாள். அதிலிருந்து ஒரே ஒரு கல்லை எடுத்து இடது தட்டில் வைத்தாள்.

பூதம் பனங்கிழங்கைக் கீழே வைத்துவிட்டது. "ஏ பெண்ணே, என்ன இது? பன்னிரண்டு கல் இருந்துச்சு. இப்போ நாலு கல்தான் இருக்கு. கூட்டச் சொன்னா குறைக்கிறியே!"

"நாலு கல்லு இல்ல. நாலு கட்டு."

"வலது தட்டு காலியா கிடக்கே. அதுல ஒண்ணுமில்லைன்னா அதை எடுத்து உள்ளே வச்சிடட்டுமா?"

"தொடாதீங்க!" தும்பை இரண்டு கையாலும் அந்தக் காலித் தட்டை மறைத்துக்கொண்டாள். "அது காலியா அங்கேயே இருக்கணும். உதிரி ஒண்ணும் இல்லேன்னு அதுதான் சொல்லுது. அதை எடுத்துட்டா, இது வெறும் நாலு பறவை ஆயிடும். நான் வச்சது நாற்பது!"

பூதம் தட்டைப் பார்த்தது, கூண்டைப் பார்த்தது, தும்பையைப் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது.

கதவு திறந்தது. இறகுகள் பறந்தன. முதல் கம்பிலிருந்து குதித்த மைனா தரையைத் தொடும்போது அம்மாவாக இருந்தாள். அதுவரை அழாத தும்பை அப்போதுதான் ஓவென்று அழுதாள். "அழாதேடி, வந்துட்டேன்ல" என்று அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அரசகுமாரன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கொண்டை போயிருந்தது. இந்த மலையும் காடும் இனிமேல் காரைக்காட்டாருக்கே சொந்தம் என்று அவன் அங்கேயே எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தான். மாமாதான் கொஞ்ச நேரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

உடைந்த மந்திரம் சும்மா போகாது, ஏவியவனிடமே திரும்பிப் போகும். குகையில் கேட்டுக்கொண்டிருந்த குறட்டை பாதியில் நின்றது. ஒரு கிழட்டு மைனா கத்திக்கொண்டே பறந்து வந்து தானாகவே கூண்டுக்குள் புகுந்து உட்கார்ந்தது.

"எனக்கும் இன்னையோட விடுதலை" என்றது பூதம். "ஆனா பூட்டிட்டுத்தான் போகணும். இந்தக் கதவு பூட்டணும்னாலும் கணக்கு காட்டணும். உள்ளே எவ்வளவோ அவ்வளவு காட்டுவேன். நான் எவ்வளவு காட்டுறேனோ அவ்வளவு உள்ளே இருக்கும்." தட்டில் இருந்த கற்களையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, ஒரே ஒரு கல்லை எடுத்தது. "ஒரு சடாமுண்டன். ஒரு கல்." சொல்லிக்கொண்டே இடது தட்டுப் பக்கம் கையை நீட்டியது.

"ஐயோ, வலது தட்டு! வலது தட்டு!" என்று ஊரே அலறியது. எல்லாரையும்விடச் சத்தமாக அலறியவர் ஏகாம்பரம் மாமா.

ஒரு சடாமுண்டனையே தாங்க முடியவில்லை. பத்துச் சடாமுண்டனை வைத்துக்கொண்டு யார் காலம் தள்ளுவது?