மண்சோறும் பீனாயிலும்

மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா வைத்தியலிங்கத்துக்குக் கண்ணைவிட மூக்கின்மேல்தான் நம்பிக்கை. மண்டபம் கழுவும் பூவாத்தா பீனாயிலை விட்டுவிட்டு, மடப்பள்ளியில் மிஞ்சும் எலுமிச்சைத் தோலை வெல்லத்தோடு மூன்று மாதம் ஊறவைத்த தண்ணீரில் கழுவுகிறாள் என்று தெரிந்ததும் கூப்பிட்டுவிட்டார்.

"மூக்கைத் துளைக்கிற வாசனை இல்லாம சுத்தம்னு எவன் நம்புவான்? நாளைக்குள்ள நம்ப வை. இல்லேன்னா வேலைக்கு வராதே."

"சரிங்கய்யா. பாதி மண்டபத்தப் பீனாயில்ல கழுவுறேன், பாதிய என் தண்ணியில. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மறுநாள் ஆடி வெள்ளி. நேர்ந்துகொண்டவர்கள் இலை போடாமல், வெறுந்தரையில் பரிமாறிய சோற்றை உண்ணும் மண்சோறு நாள். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதால் தர்மகர்த்தாவும் அந்த வரிசையில் ஈர வேட்டியோடு நின்றார்.

இடப்பக்கம் பீனாயில் நெடி மூக்கைத் துளைத்தது. வலப்பக்கம் தரை சும்மா கிடந்தது.

"எந்தப் பக்கம் சோறு போடச் சொல்லட்டுங்கய்யா?" என்றாள் பூவாத்தா.

வரிசை முழுவதும் அவரையே பார்த்தது. அவர் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். அவர் இரண்டு கவளம் உண்டதும் பூவாத்தா மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பக்கத்தையும் என் தண்ணியில கழுவிரட்டுங்களா?"

வாய் நிறையச் சோறு இருந்ததால் தர்மகர்த்தா தலையை மட்டும் ஆட்டினார்.