செம்பாயி நடாமல் விட்ட கல்

அந்தக் காலத்தில் மாடு பேசும், மண் பேசும், மின்னலும் இறங்கி வந்து ஆளோடு ஆளாக நின்று பேசும். மின்னல் வானத்திலிருந்து தரைக்கு ஒரே எட்டில் வந்துவிடுகிறவள்தான். ஆனால் தரையில் அவளால் நெடுந்தூரம் போக முடியாது. ஓர் ஊர் தாண்டினால் மூச்சு வாங்கும். தலையில் செம்புப் பூண் போட்ட கல் ஒன்று ஈரமண்ணில் நட்டிருந்தால், அதன்மேல் உட்கார்ந்து, ஓர் உலை கொதித்து இறங்கும் நேரம் இளைப்பாறுவாள். அப்புறம்தான் அடுத்த ஊர்.

கடலோரத்து உப்பளத்திலிருந்து மலையடிவாரச் சந்தைக்கு உப்பு ஏற்றிப் போகும் வண்டிக்காரி ஒருத்தி இருந்தாள். பெயர் செம்பாயி. அவளுக்கென்று இருந்தது மயிலை என்ற ஒரு காளை மட்டும்தான். நுகத்தடி உராய்ந்து உராய்ந்து அதன் கழுத்துப் புண் ஆறுவதே இல்லை. உப்புத்தூசி பட்டால் மயிலை கண்ணை மூடிக்கொள்ளும், கத்தாது. அது கத்தாததுதான் செம்பாயிக்குத் தாங்காது.

"மழைக்கு முன்னால உன் கழுத்துல இருந்து நுகத்தடிய இறக்கி விட்டுருதேன் மயிலை."

"போன வருசமும் இதத்தான் சொன்ன. எந்த மழைன்னு சொல்லாததால நீ பொய்க்காரியும் இல்ல" என்றது மயிலை.

மேலிருந்து இதைக் கேட்ட மின்னல் இறங்கி வந்தாள். "அக்கா, இனிமே வண்டிய நான் இழுக்கேன். போற வழியில ஊருக்கு ஒரு கல்லு நடச் சொல்லு, போதும்."

செம்பாயி மன்றாடி, தன் சொந்த ஊரான உப்போடையில் முதல் கல்லை நட வைத்தாள். கடற்கரையிலிருந்து உப்போடை வரைக்கும் மின்னல் வண்டியின் அச்சில் உட்கார்ந்து ஓட்டினாள். அப்படி ஒரு பயணத்தைச் செம்பாயி அதற்குமுன் கண்டதில்லை. சாட்டை இல்லை, அதட்டல் இல்லை. வண்டி போவதே தெரியவில்லை. மயிலை வெறுங்கழுத்தோடு பக்கத்தில் நடந்து வந்தது. வேலியோரத்துப் புல்லை நின்று மேய்ந்துவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டது. அதன் கழுத்துமணி இவ்வளவு நன்றாக ஒலிக்கும் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த மணிச்சத்தத்தைக் கேட்டு வந்தவளுக்கு, அதற்குள் ஊர் வந்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.

அடுத்த ஊர் எருக்கங்குளம். அங்கே போய்க் கல் கேட்டாள்.

"நடுறதுல எங்களுக்கு என்ன தாயி வருத்தம்?" என்றார் நாட்டாமை. "மொதல்ல அந்த மின்னலு வண்டி வரட்டும். வராத வண்டிக்குக் கல்ல நட்டுட்டு, அது மேல நாய் கால் தூக்குறதப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"கல்லு இல்லாம வண்டி எப்படிய்யா வரும்?"

"வண்டி இல்லாம கல்லு எதுக்குத் தாயி?"

அதற்கடுத்த ஊரில் வேறு பேச்சு. "எருக்கங்குளத்தான் நட்டுட்டானா? அவன் நடட்டும், நாளைக்கே நாங்க நட்டுருதோம். அவனுக்கு முந்தி நட்டு ஏமாந்தோம்னா சந்தையில வச்சுச் சிரிப்பான்."

யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் யாரோடும் சண்டை போடவும் முடியவில்லை. கடைசியில் செம்பாயி தானே ஒரு கல்லைக் கொத்தி, செம்புப் பூண் போட்டு, உப்பு மூட்டைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். யாராவது சம்மதித்தால் அங்கேயே இறக்கி நட்டுவிடலாம் என்று.

"என்னக் காப்பாத்தப் போற கல்லையும் நாந்தான் இழுக்கணும்" என்றது மயிலை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, எருக்கங்குளத்துக்கு முன்னால் இருக்கும் பொட்டலில் மயிலை ஒருநாள் முன்னங்கால் மடங்கி விழுந்தது. மேகம் திரண்டு வந்தது. மழை இறங்கினால் உப்பு கரைந்துவிடும். அதுகூடப் போகட்டும். மயிலையின் வாயில் நுரை தள்ளியது. அதைச் சீக்கிரம் ஊர் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

"மின்னலு! வாடி தங்கச்சி!" என்று செம்பாயி கத்தினாள்.

உப்போடைக் கல்லிலிருந்து குரல் வந்தது. "அங்க வந்து சேரும்போதே எனக்கு மூச்சு தீந்துரும், உக்கார எடமில்லையே அக்கா. உன் கல்ல நடு. நட்ட மாத்திரத்துல வந்து நிக்கேன்."

செம்பாயி கல்லைப் புரட்டி இறக்கினாள். கடப்பாரையால் குழி தோண்டினாள். ஈரம் தட்டும்வரை தோண்ட வேண்டும். தோண்டத் தோண்ட ஈரமில்லாத சுக்கான் பாறைதான். அப்போது குழிக்குள் குபுகுபுவென்று கறுப்பாக ஏதோ ஊறி வந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மூத்தவனான கருநெய் அவன்.

"எதுக்கு மதினி இந்தப் பாடு?" என்றான். "நாந்தான் வந்துட்டனே. வண்டி அச்சுக்கு மசை போடுதீகளே, அது எனக்குத் தூரத்துச் சொந்தம். எனக்குக் கல்லும் வேண்டாம், இளைப்பாறலும் வேண்டாம். ஒரு குடத்துல மொண்டு கட்டித் தொங்க விடுங்க. மலை வரைக்கும் நிக்காமப் போவேன்."

"உனக்கு என்ன குடுக்கணும்?"

"ஒன்னும் வேண்டாம். என் மூச்சு கொஞ்சம் கறுப்பா இருக்கும், சகிச்சுக்கணும். அப்புறம், பின்னால வாரவள ஒரு வார்த்த பொறுக்கச் சொல்லணும். அவ்வளவுதான்."

மயிலை தலையைத் தூக்கப் பார்த்தது. "இன்னும் ஒரு முழம் தோண்டு. அவ வந்துருவா" என்றது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

அந்த மூடிய கண்ணைத்தான் செம்பாயி பார்த்தாள். கடப்பாரையைக் கீழே போட்டாள். உப்போடைப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, கொஞ்சம் பொறு" என்றாள்.

"சரிக்கா" என்றாள் மின்னல். அவள் சொல் தவறாதவள்.

கருநெய் இழுத்த வண்டியில் மயிலையை ஊர் சேர்த்து மருந்து கொடுத்தாள்; அது பிழைத்தது. அதற்குப் பிறகு அதன் கழுத்தில் நுகத்தடி ஏறவே இல்லை. சொன்ன சொல்லைச் செம்பாயி காப்பாற்றிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கருநெய்யின் இரைச்சலில் மயிலையின் மணி கேட்கவில்லை. வெள்ளை உப்பில் கரி படிந்தது. மயிலை வண்டிக்குப் பின்னால் இருமிக்கொண்டே வந்தது. கருநெய் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த எருக்கங்குளத்தார் அவனுக்கு ஊர் எல்லையிலேயே தொட்டி கட்டினார்கள். அவர்கள் கட்டியதைப் பார்த்து அடுத்த ஊரார் அதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள்.

பொட்டலைக் கடக்கும்போதெல்லாம் சாய்ந்து கிடக்கும் அந்தக் கல்லில் மயிலை கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். "நட்டுருவமா?" என்று கேட்கும்.

"அடுத்த நடைக்கு" என்பாள் செம்பாயி. மூட்டை நிறைய இருக்கும், சந்தைக்கு நேரமாகியிருக்கும்.

மயிலை மூப்படைந்து செத்த பிறகு ஒருநாள் அவள் அங்கே தனியாக இறங்கினாள். கல்லின் செம்பு பச்சை பூத்திருந்தது. கை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, கல் அசையவில்லை. மேகத்தில் வெளிச்சம் வெட்டியது. "அக்கா, வரட்டுமா?" என்று மின்னல் கேட்டாள். பதில் சொல்ல வாய் திறந்தாள் செம்பாயி. நிறுத்தாமல் விட்ட வண்டியின் இரைச்சல் அந்தப் பதிலை விழுங்கிவிட்டது. ஒரு மணிச்சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்று அவள் வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று முதல்தான், வானத்தில் எல்லோரையும் முந்துகிறவள் சாலைக்கு மட்டும் பிந்தி வருகிறாள். வண்டி வரட்டும் என்று ஊரும், கல் நடட்டும் என்று வண்டியும் காத்திருக்க, மழைமேகம் கூடும்போதெல்லாம் ஒரு கணம் எட்டிப் பார்த்து, பொட்டலில் கல் நட்டாகிவிட்டதா என்று தேடிவிட்டுத் திரும்பிப் போகிறாள்.