சுண்டுவிரலின் ஓரம்

“அஞ்சு மாசம் ஆச்சு மேடம். இன்னும் ஒரு கர்ப்பிணிக்குக்கூட நீங்க என்னை ஊசி போட விடலை.”

கட்டில் விரிப்பை மடிப்பதை நிறுத்தாமலே எமல்டா இதைச் சொன்னார். கோபமாகச் சொல்லத்தான் எண்ணியிருந்தார். களைப்பாக வந்தது.

ரஹீமா பானு நாற்காலியில் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். நோன்பு மாதம், பங்குனி வெயில். காலையிலிருந்து பதினொரு பேரைப் பார்த்திருந்தார். கண்ணைத் திறக்காமலே விடை சொன்னார்.

“அவங்க பாதத்தைப் பாருங்க சிஸ்டர்.”

ஐந்து மாதங்களாக அதே விடைதான்.

ஆசிரியருக்கு வயது முப்பத்தெட்டு, மாணவிக்கு அறுபத்திரண்டு. கோவில்பட்டியில் பழைய தீப்பெட்டிக் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து, நான்கு கட்டில்களைப் போட்டு, ரஹீமா அக்குபங்சர் நிலையம் நடத்திவந்தார். நிறைமாதக் கர்ப்பிணிகள் அங்கே வாரம் ஒருமுறை வருவார்கள். முப்பத்தேழு வாரம் நிறைந்திருக்க வேண்டும்; மருத்துவரின் குறிப்பேடு கையில் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் ஊசி.

முழங்காலுக்குக் கீழே ஓரிடம். கணுக்காலுக்கு மேலே ஓரிடம். கால் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரத்தில் ஓரிடம். மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகி, உடம்பைப் பிரசவத்துக்குப் பக்குவப்படுத்துவதாகச் சொல்லி, அரைமணி நேரம் படுக்கவைப்பார். வீட்டார் வெளியேதான் காத்திருக்க வேண்டும்.

எமல்டாவுக்கு ஊசி புதிதன்று. அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ அறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர் அவர். எத்தனை குழந்தைகளைக் கையில் ஏந்தினார் என்பதை அவரே அறியார்.

ஆனால் அவருடைய ஒரே மகள் பிரின்சி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள்.

வேண்டாம்மா, இங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. ஊரார் கேட்டபோது எமல்டா ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். மகள் சிறுமியாக இருந்தபோதே ஊசியைக் கண்டு அஞ்சுவாள் என்பது நினைவுக்கு வந்தது. வலிக்காத ஊசியைக் கற்றுக்கொண்டு, அம்மா கையாலேயே போடுகிறேன், வா என்று அழைத்தால் வருவாள் என்று நம்பினார்; சேர்ந்த அன்றே ரஹீமாவிடமும் இதைச் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் பிரின்சிக்கு முப்பத்தேழாவது வாரம் நிறைகிறது.

பாதத்தைப் பார்க்கச் சொன்ன முதல் மாதத்தில், எமல்டா ஒரு நோட்டில் பாதப் படம் வரைந்து புள்ளிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தார். ரஹீமா கேட்டுவிட்டு, இன்னும் பாருங்கள் என்றார். பிறகு எமல்டா வீக்கத்தைக் குறித்துக்கொண்டார், பித்தவெடிப்பைக் குறித்துக்கொண்டார், வீங்கிய விரலில் மெட்டி இறுகிச் சதையைக் கடித்துக்கொண்டிருப்பதையும் குறித்துக்கொண்டார்.

“இன்னும் பாருங்க.”

எமல்டா பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார். ஊசி பழகத் தம் முழங்காலையே குத்திக்கொண்டார். மற்ற நேரங்களில் தரையைத் துடைத்தார், விரிப்பு மாற்றினார், தள்ளிப் படுக்கச் சொல்லிக் கர்ப்பிணிகளை அதட்டினார்.

அன்று கடைசியாக வந்தவள் செண்பகவல்லி. தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்டுபவள். நாற்பது வாரம் கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமைக்குள் வலி வராவிட்டால் மருத்துவமனையில் சேர்த்து, டிரிப் ஏற்றி வலியை வரவழைப்பதாக மருத்துவர் நாள் குறித்திருந்தார். அன்று சனிக்கிழமை.

அவள் நடந்துவந்ததைப் பார்த்தாலே பார்ப்பவருக்கு இடுப்பு வலிக்கும். வாசலில் நின்ற மாமியார், உள்ளே வரக்கூடாது என்பதால், அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“ஆனையா இருந்தாக்கூட இந்நேரம் குட்டி போட்டிருக்கும்.”

“ஆனைக்கு மாமியா கிடையாதுல்லா” என்று செண்பகவல்லி முணுமுணுத்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்தாள்.

ரஹீமா குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிள்ளையின் அசைவைப் பற்றிக் கேட்டார். பிறகு, யாரும் எதிர்பாராத வகையில், ஊசித் தட்டை எடுத்து எமல்டாவிடம் நீட்டினார்.

“இன்னைக்கு நீங்க போடுங்க.”

எமல்டா கையைக் கழுவினார். இருமுறை கழுவினார். திரையை விலக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். ரஹீமா சுவரோரமாக ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்துகொண்டார்.

“ம், காலை நீட்டு. இறுக்காத. அசையக் கூடாது.”

சுண்டுவிரலின் ஓரத்தைப் பஞ்சால் துடைத்து, ஊசியை வைத்துத் தட்டினார். ஊசி வளைந்துவிட்டது.

இன்னொன்றை எடுத்தார். அதுவும் வளைந்தது.

“இறுக்காதன்னு சொல்றேன்ல?”

மூன்றாவது ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை எதுவும் தெரியவில்லை. வியர்த்தது. ஐந்து மாதமும் இந்த இரண்டு நிமிடத்தில் வீணாகிவிட்டதாகத் தோன்றியது. திரும்பி ஆசிரியரைப் பார்த்தார்.

ரஹீமா எழுந்துவந்தார். செண்பகவல்லியின் குதிகாலின் கீழே தம் உள்ளங்கையை வைத்தார். அவ்வளவுதான். சற்று நேரத்தில் அவளுடைய கால்விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ரஹீமா கையை எடுத்துக்கொண்டு முக்காலிக்குத் திரும்பினார்.

“ஆங், அப்படியே வச்சுக்கோ” என்றார் எமல்டா.

ஐந்து விரல்களும் ஒருசேரச் சுருண்டன.

இம்முறை எமல்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசியைப் பிடித்த கை அந்தரத்திலேயே நின்றது. சுருண்ட விரல்கள் அவருக்குப் புதியனவல்ல. இந்த ஐந்து மாதமும், அவர் வாய் திறந்தபோதெல்லாம், நான்கு கட்டில்களிலும் அவற்றைப் பார்த்திருக்கிறார். அதற்கு முந்தைய முப்பத்திரண்டு ஆண்டுகளும் பார்த்திருக்கிறார். நோட்டில் மட்டும் குறிக்கவில்லை. பெண்களின் பாதமே அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தார்.



“என்னை உனக்கு முன்னமே தெரியுமா?” என்று எமல்டா கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

செண்பகவல்லி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மூத்தவன் பொறந்தப்ப ரெண்டாவது கட்டில்ல கிடந்தேன் சிஸ்டர். மூணு வருசம் ஆச்சு.”

எமல்டாவுக்கு முகம் நினைவில்லை. அந்த இரண்டாவது கட்டிலில் எத்தனையோ பேர் கிடந்திருக்கிறார்கள்.

“நான் எதுவும் சொன்னேனா?”

“விடுங்க சிஸ்டர்.”

“சொல்லும்மா.”

“வலி தாங்காம கத்தினேன். ‘படுத்தப்ப மட்டும் சுகமா இருந்துச்சா’ன்னு கேட்டீங்க.”

அவள் குற்றம் சாட்டுவதுபோலச் சொல்லவில்லை. அதற்கான தெம்பு அவளிடம் இல்லை. நேற்று என்ன சமைத்தாய் என்று கேட்டால் சொல்வதைப்போலச் சொன்னாள்.

எமல்டா அதை மறுக்கவில்லை. அந்தச் சொற்கள் அவருடையவைதாம். அவருக்கு முன்னிருந்த மூத்த செவிலியர் சொன்னவை, அவரும் சொன்னார். இரவும் பகலும் வேலை பார்த்து ஓய்ந்த உடம்பு, கையுறையை மாட்டுவதைப்போல, அந்தச் சொற்களையும் எடுத்து மாட்டிக்கொண்டது. ஒருத்தியிடமா சொன்னார்?

வீட்டில், சமையலறையில், பக்கத்துவீட்டுப் பெண்களிடம் அதையே வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அப்போது பிரின்சி மேசையருகே அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

எமல்டா ஊசியைத் தட்டில் வைத்தார்.

முழங்கால் வலித்தது. ஆயினும் தரையில் அமர்ந்தார். செண்பகவல்லியின் குதிகாலின் கீழே தம் உள்ளங்கையை வைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தால் அந்தக் குரல்தான் வரும் என்று அஞ்சி, பேசாமல் இருந்தார்.

விரல்கள் விரியவில்லை.

எமல்டா கையை எடுக்கவில்லை. வெளியே மாமியார் யாரிடமோ திங்கட்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெயில் சன்னல் கம்பியிலிருந்து சுவருக்கு நகர்ந்தது.

முதலில் சுண்டுவிரல் அசைந்தது. வெகுநேரம் கழித்து அதற்கு அடுத்தது. மற்றவை எப்போது விரிந்தன என்பதை எமல்டா கவனிக்கவில்லை. செண்பகவல்லியின் வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை வந்தது.

அரைமணி நேரம் முடிந்துவிட்டது. ரஹீமா வந்து தட்டைப் பார்த்தார். வளைந்த ஊசிகள் இரண்டு, பயன்படுத்தாதது ஒன்று. எமல்டாவின் அருகே குனிந்து, தூங்குகிறவள் விழித்துவிடாதபடி, மெல்லிய குரலில் வேறொன்று கேட்டார்.

“மகளை எப்ப வரச் சொல்லப் போறீங்க சிஸ்டர்?”

எமல்டா குதிகாலிலிருந்து கையை எடுக்காமலே விடை சொன்னார்.

“வரச் சொல்ல மாட்டேன் மேடம். நான்தான் போகணும்.”