பரண்மேல் தலைவர்

மகுடவர்மன் என்றொரு ராஜா. அவர் மீசையைத் தாங்கி நடக்க இரண்டு சேவகர்கள் இருந்தார்கள். புத்தியைத் தாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அந்த வேலையையும் அரசவை விகடன் கோணாண்டியே பார்த்துவந்தான், சம்பளம் இல்லாமல்.

அந்த நாட்டில் காரைக்கொம்பை என்று ஓர் ஊர். அங்கே பேச்சியாயி என்பவள் ஊர்ப் பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் வைத்தாள். யாருக்கும் வேண்டாத கரட்டு நிலத்தைக் கல் பொறுக்கித் திருத்தி, கூட்டாகச் சோளம் விதைத்தார்கள். விளைந்ததைப் பொதுக் களஞ்சியத்தில் கொட்டிப் பூட்டி, பேச்சியாயி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன்பிறகு பிரதானி வாமதேவர் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ள ஒருத்தியும் வரவில்லை. பிரதானியார் மனைவியே அள்ளவேண்டியதாயிற்று. ஒரு ராஜ்யத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா?

பிரதானி சபையில் முறையிட்டார். "மகாராஜா, அந்தப் பெண்களுக்கு மேலே ஓர் ஆண் இல்லை. நாடு என்னாவது? என் மைத்துனன் பூவராகன் சும்மாதான் இருக்கிறான். அவனை மேலே வைத்தால் களஞ்சியச் சாவியையும் அவனே பார்த்துக்கொள்வான்."

ராஜா கொட்டாவி விட்டார். "சரி, எழுது."

கோணாண்டிக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது. சாவி போனால் அத்தனை பேரும் மறுபடி தொழுவத்துக்குத்தான். ஆனாலும் குரலில் தேன் வழியச் சொன்னான்: "இதென்ன சொத்தை உத்தரவு, மகாராஜா! 'பூவராகர் எந்நேரமும் பெண்களுக்கு மேலேயே இருக்கவேண்டும். கீழே இறங்கினால் முப்பது கசையடி' என்று அழுத்தமாகப் போடுங்கள்."

"சாவி?" என்றார் பிரதானி.

"மேலே இருப்பவருக்கு அது தானாக வந்து சேராதா, பிரதானியாரே?"

விகடனே தன் பக்கம்! பிரதானி பூரித்துப்போனார். முத்திரை விழுந்தது.

மறுநாள் பூவராகன் பல்லக்கில் வந்திறங்கினான். கோணாண்டி உத்தரவை வாசித்தான். 'மேலேயே' என்ற இடத்தில் நிறுத்தி, சோளக்காட்டு நடுவே நின்ற காவல் பரணைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

பேச்சியாயிக்கு அது போதும். "ஏ புள்ளைகளா, ஏணியக் கொண்டாங்க! தலைவரு மேல போறாரு!"

ஏற்றிவிட்டு, ஏணியை எடுத்துவிட்டார்கள்.

"ஏய், சாவியைக் கொடு!" என்று கத்தினான் பூவராகன்.

"இந்தா இருக்கு சாமி. இறங்கி வந்து வாங்கிக்கங்க. முப்பது அடி உங்களுக்குச் சம்மதம்னா எங்களுக்கென்ன?"

வேளாவேளைக்குக் கயிற்றில் கூழ் ஏறியது. பூவராகன் போட்ட கூச்சலில் கதிர் கொத்த வந்த கிளிகள் பக்கத்து ராஜ்யத்துக்கே குடிபெயர்ந்தன. அந்த வருஷம் ஒவ்வொரு கதிரும் யானைத் தும்பிக்கை கனம்!

பிரதானி பதறிப்போய் ராஜாவை அழைத்துவந்தார். ராஜா யானைமேல் இருந்தபடியே கேட்டார்: "கோணாண்டி, அங்கே அவன் என்னதான் செய்கிறான்?"

"மேலே இருப்பவர்கள் செய்வதைத்தான், மகாராஜா. உட்கார்ந்திருக்கிறார், கத்துகிறார், சாப்பாடு கேட்கிறார். வேலை கீழே நடக்கிறது."

ராஜா தான் உட்கார்ந்திருந்த அம்பாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சேவகர்கள் மீசையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மீசை அவர்கள் கைநழுவி ஓடியது. யானையைவிட்டு இறங்கி, முத்துமாலையைக் கழற்றிக் கோணாண்டி கழுத்தில் போட்டார்.

"உத்தரவு ரத்து. சாவி இருந்த இடுப்பிலேயே இருக்கட்டும். பூவராகனை இறக்குங்கள்."

"இறக்குறோம் மகாராஜா," என்று தலையைச் சொறிந்தாள் பேச்சியாயி. "ஆனா இவரு இறங்கிட்டா கிளியெல்லாம் திரும்பி வந்துருமே. மேல ஒரு ஆம்பள இருந்தாத்தான் நல்லதுன்னு இப்பத்தான் எங்களுக்கே புரிஞ்சுது."

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி ஏணியைப் பார்த்தார்.